கோரப்படாத பணம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

செயல்படாமல் கிடக்கும் வங்கிக் கணக்குகளைப் பற்றிச் சென்ற இதழில் இப்பகுதியில் வெளியான சிறு குறிப்பைப் படித்துவிட்டு, பினாங்கிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். கேள்விகள் ஒன்றோடொன்று தொடர்புடையவையாக இருப்பதால் இம்மாதப் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம். கடிதங்களைச் சுருக்கி, பெயர்களைத் தவிர்த்து, ஊரை மட்டும் குறிப்பிட்டிருக்கிறோம்.

ஐயா, என் தாயார் தம் பெயரில் வைத்திருந்த சேமிப்புக் கணக்கைப் பல ஆண்டுகளாகத் தொடவில்லை. இப்போது வங்கிக்குப் போனால், பணத்தை அரசாங்கத்திடம் ஒப்படைத்துவிட்டோம் என்கிறார்கள். அரசாங்கம் பறிமுதல் செய்துவிட்டதா? கோம்தாருக்குச் சென்று மாநில அரசிடம் முறையிட வேண்டுமா? (வாசகி, ஜெலுத்தோங்)

பறிமுதல் இல்லை அம்மா. 1965ஆம் ஆண்டின் கோரப்படாத பணச் சட்டப்படி, உரிமையாளர் 7 ஆண்டுகளாக எந்த நடவடிக்கையும் மேற்கொள்ளாத வங்கிக் கணக்கில் உள்ள தொகையை வங்கி தன்னிடமே வைத்துக்கொள்ள முடியாது. அதைக் கோரப்படாத பணத்தின் பதிவாளரிடம் ஒப்படைத்தாக வேண்டும். கொடுபடாத சம்பளம், வாங்கப்படாத பங்காதாயம், முதிர்ந்த காப்புறுதித் தொகை, திரும்பப் பெறாத முன்பணம் ஆகியவற்றுக்குக் காத்திருப்புக் காலம் இதைவிட மிகக் குறைவு. பதிவாளர் உங்கள் பணத்துக்குக் காவலரே தவிர உரிமையாளர் அல்லர். உரியவர் வந்து, தாம்தான் உரியவர் என்று காட்டினால் அவர் அதைத் திருப்பித் தர வேண்டும்.

கோம்தாருக்குப் போக வேண்டியதில்லை. இது மத்திய அரசின் பொறுப்பு. நிதியமைச்சின் கீழுள்ள தேசியக் கணக்காளர் துறை இதைக் கவனிக்கிறது. அதன் தலைமையகம் புத்ராஜெயாவில் உள்ளது, பினாங்கிலும் கிளை உண்டு. உங்கள் தாயார் ஒரு துண்டு நிலத்தைக் கவனிக்காமல் விட்டிருந்தால் மட்டுமே மாநில அரசின் நில அலுவலகத்துக்கு நீங்கள் போக வேண்டியிருக்கும். நிலம் மாநிலத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டது. இந்தச் சட்டமோ பணத்தை மட்டுமே பேசுகிறது. நிலமும் நகையும் இதில் வரா.

'இகூமிஸ்' எனப்படும் அத்துறையின் இணையத் தளத்தில் உங்கள் தாயார் தம் அடையாள அட்டை எண்ணைக் கொண்டு பதிவு செய்து தேடிப் பார்க்கலாம். தேடவும் விண்ணப்பிக்கவும் கட்டணம் இல்லை. அடையாள அட்டையின் நகலையும் தம் பெயரிலேயே உள்ள நடப்பு வங்கிக் கணக்கின் விவரத்தையும் இணைத்தால், விண்ணப்பம் ஏற்கப்பட்டபின் பணம் அக்கணக்குக்கே அனுப்பப்படும். இணையம் பழக்கமில்லாத வயதானவர்களை நேரே கவுண்டருக்கு அழைத்துச் செல்வதே நல்லது. போகும் முன், பணம் எந்த ஆண்டில், என்ன பார்வை எண்ணில் ஒப்படைக்கப்பட்டது என்று வங்கியிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அந்த ஒரு தாள் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

ஒரு குறையை மட்டும் சொல்லத்தான் வேண்டும். பதிவாளரிடம் இருக்கும் காலத்துக்கு இந்தப் பணத்துக்கு வட்டி கிடையாது. இருபது ஆண்டுகளுக்கு முன் 5,000 ரிங்கிட்டாக ஒப்படைக்கப்பட்டது இன்றும் 5,000 ரிங்கிட்தான். அன்று அந்தத் தொகைக்கு என்னென்ன வாங்க முடிந்தது என்று நினைத்துப் பார்க்கிறவருக்கு இது நியாயமாகத் தோன்றாது, எனக்கும் தோன்றவில்லை.

என் தந்தைக்கு 81 வயது. தோட்டத்தில் பால்மரம் சீவியவர். பெட்டியைச் சுத்தம் செய்தபோது அஞ்சலகச் சேமிப்பு வங்கிப் புத்தகம் ஒன்று கிடைத்தது. அதில் அவருடைய பெயர் ஒரு விதமாகவும் மைகாட் அடையாள அட்டையில் வேறு விதமாகவும் இருக்கிறது. கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் கைநாட்டு. எண்ணும் பொருந்தவில்லை. இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? (வாசகர், நிபோங் திபால்)

நம்மவர்களுடைய விண்ணப்பங்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் திரும்பி வருகின்றன. ஆகவே கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

முதலில் வங்கி. அஞ்சலகச் சேமிப்பு வங்கியின் பணியை 1974ஆம் ஆண்டு டிசம்பரில் தொடங்கப்பட்ட தேசிய சேமிப்பு வங்கி, அதாவது பேங்க் சிம்பானான் நேஷனல், ஏற்றுக்கொண்டது. எனவே புத்தகத்தை எடுத்துக்கொண்டு நீங்கள் முதலில் போக வேண்டிய இடம் அந்த வங்கியின் கிளை. கணக்கு இன்னும் அங்கேயே இருக்கிறதா, பதிவாளரிடம் போய்விட்டதா என்பதை அவர்கள்தான் சொல்ல முடியும். புத்தகத்தை அவர்களிடம் விட்டுவிட்டு வராதீர்கள். எல்லாப் பக்கங்களையும், எதுவும் எழுதப்படாத பக்கங்கள் உட்பட, நகலெடுத்து நகலை மட்டும் கொடுங்கள்.

அடுத்தது எண். இன்றைய 12 இலக்க எண் 1990ஆம் ஆண்டில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் திறந்த கணக்குகள் பழைய அடையாள அட்டையின் குறுகிய எண்ணிலேயே பதிவாகியிருக்கும். புதிய எண்ணைக் கொண்டு மட்டும் தேடிவிட்டு 'ஒன்றும் இல்லை' என்று முடிவு கட்டிவிடுகிறவர்கள் மிகப் பலர். பழைய எண்ணைக் கொண்டும் தேட வேண்டும். அந்த எண் நினைவில் இல்லையென்றால் பழைய பிறப்புப் பத்திரங்களில், பிள்ளைகளுடைய பத்திரத்தில் தந்தையின் விவரம் எழுதப்பட்டுள்ள கட்டத்தில், பாருங்கள். திருமணப் பதிவுச் சான்றிதழிலும் இருக்கும். இரண்டு எண்களும் ஒருவருடையவையே என்று தேசியப் பதிவுத் துறையிடமிருந்து உறுதிக் கடிதம் பெற்றுவிட்டால் அதன்பின் அதைப்பற்றி யாரும் கேள்வி எழுப்ப மாட்டார்கள்.

இனி பெயர். தோட்டத்துக் கிராணி காதில் விழுந்தபடி எழுதியதுதான் அக்காலத்தில் பலருக்குச் சட்டப்படியான பெயராகிப் போனது. லட்சுமி என்ற பெயரை ரோமன் எழுத்தில் ஒருவர் 'கே, எஸ், எச்' என்று எழுதியிருப்பார், மற்றொருவர் 'டி, சி, எச்' என்று எழுதியிருப்பார். முடிவில் வருவது ஓரிடத்தில் 'ஐ', இன்னோரிடத்தில் 'ஒய்'. முனியாண்டிக்கும் அங்கம்மாளுக்கும் இதே கதைதான். தந்தை பெயருக்கு முன் வங்கிப் புத்தகத்தில் ஆங்கில 'எஸ்/ஓ' இருக்கும், மைகாட்டில் மலாய் 'ஏ/எல்' இருக்கும்; இரண்டுக்கும் பொருள் 'மகன்'தான். தந்தை பெயரே விடுபட்டிருப்பதும் உண்டு. நமக்கு இவையெல்லாம் ஒரே பெயர். விண்ணப்பத்தைப் பார்க்கும் அதிகாரிக்கோ இவர்கள் இரண்டு பேர், இல்லை என்று நீங்கள் காட்டும் வரை.

காட்டும் வழி, 1960ஆம் ஆண்டின் சட்டரீதியான பிரமாணச் சட்டத்தின் கீழ் எழுதப்படும் ஒரு பிரமாணப் பத்திரம். அதைச் சத்தியப் பிரமாண ஆணையர் முன்னிலையில் உங்கள் தந்தையே செய்ய வேண்டும். இரண்டு பெயர்களையும் அந்தந்த ஆவணத்தில் உள்ளபடி ஓர் எழுத்தும் பிசகாமல் எழுதி, எந்தெந்த ஆவணத்தில் எந்தப் பெயர் உள்ளது என்று குறிப்பிட்டு, இரண்டும் தம்மையே குறிக்கின்றன என்று அவர் உறுதி கூற வேண்டும். பொய்யான பிரமாணம் குற்றம் என்பதால் தெரியாத எதையும் அதில் சேர்க்கக் கூடாது. வேறு ஓர் ஆவணம் துணைக்கு இருந்தால் பத்திரத்துக்கு வலு கூடும்: பழைய முகவரி தெரியும் தோட்டச் சம்பளச் சீட்டு, ஊழியர் சேமநிதி அறிக்கை, குடியுரிமைச் சான்றிதழ் என எதுவாகவும் இருக்கலாம். புத்தகத்தின் முதல் பக்கத்தில் தோட்டத்தின் பெயரும் அஞ்சலக முத்திரையும் தெளிவாக இருக்கின்றனவா என்று பாருங்கள்; பெயர் தேய்ந்துபோயிருந்தாலும் முகவரி பொருந்தினால் அது பெரிய சான்று.

கைநாட்டு தடையாகாது. இன்றும் கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் சாட்சி முன்னிலையில் கைநாட்டு வைக்கலாம்; உங்கள் தந்தை நேரில் வருவதே முக்கியம். அவர் நல்ல நினைவோடு நடமாடும்போதே இதைச் செய்து முடித்துவிடுங்கள். உயிரோடு இருப்பவர் ஒரு பிரமாணத்தில் முடிக்கக்கூடிய காரியத்தை, அவருக்குப் பின் வாரிசுகள் எத்தனை பத்திரங்கள் கொண்டு முடிக்க வேண்டியிருக்கிறது என்பதை அடுத்த கடிதம் காட்டும்.

அப்பா உயில் எழுதாமல் இறந்துவிட்டார். இகூமிஸில் அவருடைய பெயரில் 18,000 ரிங்கிட் இருப்பது தெரிய வந்தது. வேறு சொத்து எதுவும் இல்லை. அம்மா இருக்கிறார், நாங்கள் மூன்று பிள்ளைகள், தங்கை ஆஸ்திரேலியாவில். மூத்த மகன் என்ற முறையில் நான் கையெழுத்திட்டுப் பெற்றுக்கொள்ளலாமா? (வாசகர், பிரிக்பீல்ட்ஸ்)

முடியாது தம்பி. மூத்த மகன் என்பது கொள்ளி வைப்பதற்கு உரிய தகுதியாக இருக்கலாம்; சட்டத்தில் அதற்கு இடமில்லை. இறந்தவரின் சொத்தை நிர்வகிக்கும் அதிகாரத்தை உரிய அமைப்பு ஒன்றிடமிருந்து பெற்ற பிறகுதான் பதிவாளர் பணத்தைத் தருவார்.

அதிகாரம் பெற மூன்று வாசல்கள் உள்ளன. உயில் இல்லாமல், அசையும் சொத்து மட்டும், 600,000 ரிங்கிட்டுக்கு மிகாமல் இருந்தால் அரசுக்குச் சொந்தமான அறங்காவல் நிறுவனமான அமானா ராயாவை அணுகலாம். நீதிமன்றம் போகாமல் சுருக்கமான முறையில் அவர்களே முடித்துத் தருவார்கள். அதற்குக் கட்டணம் பிடித்துக்கொள்வார்கள். நிலமோ வீடோ சேர்ந்திருந்தால், மொத்த மதிப்பு 50 லட்சம் ரிங்கிட்டுக்கு மிகாதவரை, சிறு சொத்துப் பங்கீட்டுப் பிரிவுக்குப் போக வேண்டும். இந்த வரம்பு 2024ஆம் ஆண்டு ஜூலை வரை 20 லட்சமாக இருந்தது. உயில் இருந்தாலும், இவ்வரம்புகளைத் தாண்டினாலும், உயர் நீதிமன்றம். உங்களுக்கு முதல் வாசலே போதும். 18,000 ரிங்கிட்டுக்காக வழக்கறிஞர் வைத்து உயர் நீதிமன்றம் ஏறுவது சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்றாகிவிடும்.

இங்கே ஒரு கேள்வியை உங்களிடமே கேட்க வேண்டியிருக்கிறது. அப்பாவின் மறைவுக்குப் பிறகு ஏதாவது ஒரு சொத்துக்காக நிர்வாகப் பத்திரம் ஏற்கெனவே எடுத்தீர்களா? எடுத்திருந்தால், புதிதாகத் தொடங்காமல், அதை வழங்கிய இடத்திலேயே இந்தப் பணத்தையும் பட்டியலில் சேர்க்கும்படி விண்ணப்பிக்க வேண்டும். பழைய பத்திரத்தை மறந்துவிட்டு இரண்டாவது முறை விண்ணப்பித்துக் குழம்பியவர்கள் இருக்கிறார்கள்.

பங்கீடு எப்படி என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் வீட்டில் மனக்கசப்பு வருவது அங்கேதான். முஸ்லிம் அல்லாதோருக்கு 1958ஆம் ஆண்டின் பங்கீட்டுச் சட்டம் பொருந்தும். அப்பா இறந்த நாளில் அவருடைய பெற்றோர் இருவரும் ஏற்கெனவே காலமாகியிருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு பங்கு. உங்கள் வீட்டுக் கணக்கில் அம்மாவுக்கு 6,000 ரிங்கிட், பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் 4,000 ரிங்கிட். மகன், மகள் வேறுபாடு கிடையாது. ஆஸ்திரேலியாவில் இருப்பதாலும் திருமணமாகிப் போனதாலும் தங்கையின் பங்கு குறையாது.

அன்று பாட்டி உயிரோடு இருந்திருந்தால் கணக்கே மாறும். 1997ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தத்துக்குப் பிறகு நிகழ்ந்த இறப்புகளில், மனைவி, பிள்ளைகள், பெற்றோர் மூவகையினரும் இருந்தால் மனைவிக்குக் கால் பங்கு, பிள்ளைகளுக்குப் பாதி, பெற்றோருக்குக் கால் பங்கு. அதாவது அம்மாவுக்கு 4,500, உங்களுக்கு ஆளுக்கு 3,000, பாட்டிக்கு 4,500. பாட்டி அதற்குப் பின் காலமாகிவிட்டார் என்பதால் அந்தப் பங்கு மறைந்துவிடாது. அவருடைய வாரிசுகளுக்கு, அதாவது உங்கள் சித்தப்பாவுக்கும் அத்தைகளுக்கும்கூட, அதில் உரிமை உண்டு. அவர்கள் வேண்டாம் என்று மனமுவந்து விட்டுக்கொடுக்கலாம். கேட்காமலேயே அவர்களை விட்டுவிடுவதுதான் பின்னால் பிரச்சினையாகும். அப்பாவின் இறப்புப் பத்திரத்தையும் பாட்டியின் இறப்புப் பத்திரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தேதிகளைப் பாருங்கள்.

இதைப் படிக்கும் தமிழ் முஸ்லிம் வாசகர்கள், அவர்களுக்குப் பங்கீடு ஃபராயிட் எனப்படும் இஸ்லாமிய வாரிசுரிமை முறைப்படி என்பதையும் ஷரியா நீதிமன்றத்தில் ஃபராயிட் சான்றிதழ் பெற வேண்டும் என்பதையும் கவனத்தில் கொள்ள வேண்டுகிறேன்.

எங்கள் தாத்தா பினாங்கு ஸ்திரீட்டில் கடை வைத்திருந்தார். 'யுனைடெட் ஏசியன் பேங்க்' என்ற பெயரில் நிலையான வைப்புச் சான்றிதழ் ஒன்று இருக்கிறது. அப்படியொரு வங்கியே இப்போது இல்லையே? (வாசகர், புக்கிட் மெர்தாஜாம்)

வங்கியின் பெயர் மறைந்தாலும் அதன் கடமைகள் அடுத்த வங்கியின் தலையில் ஏறிக்கொள்ளும். இந்தியன் ஓவர்சீஸ் பேங்க், இந்தியன் பேங்க், யுனைடெட் கமர்ஷியல் பேங்க் ஆகிய மூன்று இந்திய வங்கிகள் மலேசியாவில் வைத்திருந்த கிளைகளைச் சேர்த்து 1973ஆம் ஆண்டில் உருவானதுதான் யுனைடெட் ஏசியன் பேங்க். செட்டியார் கடைகளும் நம் வணிகர்களும் மிகுதியாகப் பழகிய வங்கிகள் அவை. அது 1990களின் தொடக்கத்தில் பேங்க் ஆஃப் காமர்ஸுடன் இணைந்தது. அவ்வங்கி 1999ஆம் ஆண்டில் பேங்க் பூமிபுத்ராவுடன் இணைந்து பூமிபுத்ரா காமர்ஸ் ஆனது. இன்று அது சிஐஎம்பி. நீங்கள் சான்றிதழின் நகலோடு போக வேண்டிய இடம் அதுவே. பினாங்குக்காரர்கள் பலருக்குப் பழக்கமான பான் ஹின் லீ வங்கியும் சதர்ன் வங்கி வழியாக அங்கேதான் போய்ச் சேர்ந்தது. டி அண்டு சி வங்கியின் பழைய கணக்குகளை ஆர்எச்பியில் கேட்க வேண்டும்.

சான்றிதழ் கையில் இருப்பதாலேயே பணம் இருக்கிறது என்று பொருளல்ல. தாத்தா பணத்தை எடுத்துவிட்டுச் சான்றிதழை மட்டும் வைத்திருந்திருக்கலாம். கேட்டுத் தெரிந்துகொள்ளும் வரை யாருக்கும் பங்கு பிரித்துவிடாதீர்கள்.

தொகையில் 30 விழுக்காடு கொடுத்தால் எல்லாவற்றையும் முடித்துத் தருகிறேன் என்று ஒருவர் வாட்ஸ்அப்பில் தொடர்புகொண்டார். கொடுக்கலாமா? (வாசகி, செந்தூல்)

வேண்டாம். இலவசமாகக் கிடைக்கும் சேவைக்குக் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கை ஏன் கொடுக்க வேண்டும்? அவர் கேட்கும் அடையாள அட்டைப் படமும் வங்கி விவரமும் அந்த 30 விழுக்காட்டைவிட ஆபத்தானவை. அரசுத் துறை எதுவும் முன்கூட்டியே 'செயல்முறைக் கட்டணம்' கேட்காது. ஏற்கெனவே பணம் அனுப்பிவிட்டிருந்தால் தாமதிக்காமல் 997 என்ற எண்ணில் தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தை அழையுங்கள். பணம் கைமாறிப் போவதற்குள் தடுக்க வாய்ப்புள்ளது.

என் அண்ணன் அமெரிக்காவில் கணினிப் பொறியாளராக இருந்து கலிஃபோர்னியாவில் காலமானார். திருமணமாகவில்லை, பெற்றோரும் இல்லை, நான் ஒருத்திதான் உடன்பிறப்பு. கலிஃபோர்னிய அரசின் தளத்தில் அவருடைய பெயரும் பழைய முகவரியும் இருக்கின்றன. கோலாலம்பூரில் இருந்துகொண்டே விண்ணப்பிக்க முடியுமா? (வாசகி, பங்சார்)

முடியும். அமெரிக்காவில் இது மத்திய அரசின் வேலை அன்று. ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே நடத்துகிறது. ஒருவருடைய பணம் எந்த மாநிலத்துக்குப் போக வேண்டும் என்ற வழக்கில், கடைசியாகத் தெரிந்த முகவரி எந்த மாநிலத்தில் உள்ளதோ அம்மாநிலத்துக்கே முதல் உரிமை என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1965ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. தற்செயலாக நம் சட்டத்துக்கும் அதே வயதுதான். ஆகவே, உங்கள் அண்ணன் கலிஃபோர்னியாவுக்கு வருவதற்கு முன் நியூஜெர்சியிலோ டெக்சாசிலோ வேலை பார்த்திருந்தால் அங்கும் தேடுங்கள். பல மாநிலங்களின் பதிவுகளை ஒருசேரத் தேட 'மிஸ்ஸிங்மனி' என்ற தளம் உண்டு. மாநிலக் கோரப்படாத சொத்து நிர்வாகிகளின் தேசியச் சங்கத்தின் ஆதரவோடு நடப்பது.

கலிஃபோர்னியாவில் இப்பொறுப்பு மாநிலக் கட்டுப்பாட்டாளர் அலுவலகத்துடையது. பெரும்பாலான சொத்துகள் 3 ஆண்டுகள் தொடர்பற்றுக் கிடந்தால் அங்கே ஒப்படைக்கப்படுகின்றன. நம் சட்டத்தைப் போலன்றி அங்கே பங்குகளும் பாதுகாப்புப் பெட்டகப் பொருள்களும்கூட அரசிடம் போகும். பங்குகளை அரசு விற்றுவிட்டிருந்தால் விற்ற தொகைதான் கிடைக்கும், பின்னால் ஏறிய விலை கிடைக்காது. கோருவதற்குக் கால வரம்பு இல்லை, கட்டணமும் இல்லை. தேடித் தருபவர் யாராவது முன்வந்தால் அவர் வாங்கக்கூடிய கூலிக்கு அம்மாநிலச் சட்டம் 10 விழுக்காடு என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. முன் கடிதத்தில் வந்த 30 விழுக்காட்டுக்காரருக்கு அங்கே இடமில்லை.

அண்ணன் அங்கேயே குடியேறி வாழ்ந்தவர் என்றால், அவருடைய பணத்துக்கு யார் வாரிசு என்பதைக் கலிஃபோர்னியச் சட்டமே முடிவு செய்யும்; நம் பங்கீட்டுச் சட்டம் அல்ல. துணைவியும் பிள்ளைகளும் பெற்றோரும் இல்லாதபோது உடன்பிறந்தவரே வாரிசு என்பதில் அங்கும் மாற்றமில்லை. அண்ணன் உயில் எழுதியிருக்கிறாரா என்பதை மட்டும் முதலில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். நீதிமன்றத்தில் சொத்து நிர்வாகம் நடந்திருந்தால் அந்த உத்தரவு தேவைப்படும். நடக்கவில்லையென்றால், சிறிய சொத்துகளுக்கு வாரிசு உறுதிமொழிப் பத்திரம் ஒன்றின் மூலம் கோர அம்மாநிலச் சட்டம் வழி செய்கிறது.

தளத்தில் பதிவாகியுள்ள ஒவ்வொரு தொகைக்கும் ஓர் எண் இருக்கும். அதைக் கொண்டு விண்ணப்பப் படிவத்தை எடுத்து, உங்கள் கடப்பிதழின் நகல், அண்ணனின் இறப்புச் சான்றிதழ், அவருடைய சமூகப் பாதுகாப்பு எண்ணுக்கான சான்று, தளத்தில் காட்டப்படும் பழைய முகவரியில் அவர் வசித்ததற்கான ஏதேனும் ஒரு கடிதம் அல்லது கட்டண ரசீது ஆகியவற்றை இணைக்க வேண்டும். அந்த முகவரிச் சான்றுதான் பலருக்கும் கிடைக்காமல் போகிறது. பழைய வங்கி அறிக்கை, வருமான வரிப் படிவம், வாடகை ஒப்பந்தம் எதுவாக இருந்தாலும், அண்ணனுடைய பொருள்கள் பெட்டியில் வந்திருந்தால் ஒரு தாளையும் எறியாதீர்கள்.

நீங்கள் இருவரும் உடன்பிறப்புகள் என்பதற்கு இரண்டு பிறப்புப் பத்திரங்களும் வேண்டும். அவை மலாயில் இருந்தால் அங்கீகரிக்கப்பட்ட ஆங்கில மொழிபெயர்ப்போடு அனுப்புங்கள். இரண்டிலும் பெற்றோர் பெயர் ஒரே மாதிரி எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நிபோங் திபால் வாசகருக்குச் சொன்ன பிரமாணப் பத்திரமே உங்களுக்கும் மருந்து. மகன், மகள் என்பதைக் குறிக்கும் ஏ/எல், ஏ/பி என்பவற்றை ஒருவருடைய நடுப்பெயர் என்று அமெரிக்க அதிகாரி எடுத்துக்கொள்ளக்கூடும். ஒரு வரி விளக்கம் எழுதி இணைத்துவிடுவது நல்லது.

தொகை 1,000 டாலரோ அதற்கு மேலோ இருந்தால் கையெழுத்தை நோட்டரி முன்னிலையில் இட வேண்டும். ஜாலான் துன் ரசாக்கில் உள்ள அமெரிக்கத் தூதரகத்தில் முன்பதிவு செய்து, கட்டணம் செலுத்தி இதைச் செய்துகொள்ளலாம். முழுமையான விண்ணப்பத்தின் மீது முடிவெடுக்க அவர்களுக்கு 180 நாள் வரை அவகாசம் உண்டு. வாரிசு விண்ணப்பங்கள் எளிதில் முடிவதில்லை என்பதால் அந்த அவகாசத்தை முழுவதுமே எடுத்துக்கொள்வார்கள் என்று எண்ணி இருங்கள். பணம் டாலர் காசோலையாக வரக்கூடும். வெளிநாட்டுக் காசோலையை ஏற்பார்களா, எவ்வளவு கட்டணம் என்று உங்கள் வங்கியில் இப்போதே கேட்டு வையுங்கள். காசோலை வந்த பிறகு கேட்டால், அது காலாவதியாகும் நாளும் உங்களோடு சேர்ந்து ஓடிக்கொண்டிருக்கும்.

காரைக்குடியில் என் தாயார் வைத்திருந்த வங்கிக் கணக்கு? (வாசகர், ஜார்ஜ்டவுன்)

இந்தியாவில் 10 ஆண்டுகள் செயல்படாத வைப்புகள், ரிசர்வ் வங்கி 2014ஆம் ஆண்டில் ஏற்படுத்திய வைப்பாளர் கல்வி மற்றும் விழிப்புணர்வு நிதிக்கு மாற்றப்படுகின்றன. ஆனால் நீங்கள் ரிசர்வ் வங்கிக்கு எழுத வேண்டியதில்லை. கணக்கு இருந்த வங்கியிடமே கோரிக்கை வைக்க வேண்டும். வங்கி உங்களுக்குக் கொடுத்துவிட்டு அந்நிதியிடமிருந்து பெற்றுக்கொள்ளும். வட்டி ஈட்டும் வைப்பாக இருந்தால் அதற்கு வட்டியும் உண்டு. இவ்விஷயத்தில் அவர்களைப் பார்த்து நாம் கற்றுக்கொள்ளலாம். 2023ஆம் ஆண்டு ஆகஸ்டில் தொடங்கப்பட்ட 'உத்கம்' என்ற தளத்தில் பல வங்கிகளின் கோரப்படாத வைப்புகளை ஒரே இடத்தில் தேடலாம். தாயார் நியமனதாரராக உங்களைக் குறித்திருந்தால் வேலை எளிது. பணத்தை இங்கே கொண்டுவருவதற்கு அந்நாட்டு அந்நியச் செலாவணி விதிகள் பொருந்தும் என்பதால், விண்ணப்பிக்கும்போதே அதையும் கிளை மேலாளரிடம் பேசிக்கொள்ளுங்கள்.

எனக்கு 74 வயது. ஊழியர் சேமநிதிப் பணம், இரண்டு வங்கிக் கணக்குகள், ஒரு காப்புறுதி உண்டு. எல்லாவற்றிலும் மகளை வாரிசாக எழுதி வைத்துவிட்டால் போதுமல்லவா? (வாசகி, பட்டர்வொர்த்)

மூன்றுக்கும் மூன்று விதி அம்மா. சேமநிதியில், முஸ்லிம் அல்லாதவர் நியமித்தவருக்கே அந்தப் பணம் சொந்தம். முஸ்லிம் உறுப்பினரின் நியமனதாரர் பங்கிட்டுக் கொடுக்கும் பொறுப்பாளர் மட்டுமே. நியமனம் எதுவும் இல்லாமல் யாரும் கோராமலும் இருந்தால், உறுப்பினருக்கு 100 வயது நிறையும் காலத்தில் அந்தப் பணமும் கோரப்படாத பணப் பதிவாளரிடம் போய்ச் சேரும். காப்புறுதியில், 2013ஆம் ஆண்டின் நிதிச் சேவைச் சட்டப்படி, முஸ்லிம் அல்லாதவர் தம் கணவரையோ மனைவியையோ பிள்ளையையோ நியமித்தால் தொகை அவர்களுக்கே உரியதாகும். தம்பியையோ தோழியையோ நியமித்தால் அவர் பெற்றுக் கொடுக்கும் பொறுப்பாளர்தான். ஆகவே மகளின் பெயரை இவ்விரண்டிலும் தாராளமாக எழுதலாம்.

வங்கிக் கணக்கில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். நம் நாட்டில் சாதாரண சேமிப்புக் கணக்குக்கு நியமனதாரர் என்ற ஏற்பாடு கிடையாது. மகளைக் கூட்டுக் கணக்குதாரராகச் சேர்க்கலாம். அவ்வாறு சேர்க்கும்போது, ஒருவர் மறைந்தால் மற்றவருக்கே உரியது என்ற நிபந்தனை கணக்குத் திறக்கும் படிவத்தில் இருக்கிறதா என்று வங்கி அதிகாரியிடம் காட்டச் சொல்லுங்கள். அது வேண்டாமென்றால் உயில் எழுத வேண்டும். இரண்டு கணக்குகளிலும் ஆண்டுக்கு ஒரு முறையாவது பத்து ரிங்கிட் போட்டு எடுத்து வந்தால் 7 ஆண்டுக் கணக்கு தொடங்கவே தொடங்காது. வட்டி தானாக வரவு வைக்கப்படுவது உங்கள் நடவடிக்கையாகக் கொள்ளப்பட மாட்டாது.